ஆறாம் நம்பர் எஞ்சினின் சந்தனக் கோடு

நட்டு முறுக்குவதில் என்னை மிஞ்ச நெய்வேலியில் ஆள் கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆயுத பூஜையன்று நான் முறுக்கிய பதினாறு நட்டு என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. அதை விட்டுவிட்டு மற்ற பெருமையை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது.

என் பெயர் ராஜாங்கம். அப்போது மைன்ஸில் பம்ப் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். சுரங்கத்தில் இன்னும் கரி கண்ணில் படவில்லை. மேல் மண்ணை எடுத்துக்கொண்டே போனார்கள், பள்ளம் ஏரியளவு அகலமாகிக்கொண்டே போனது. பூமிக்கு அடியிலிருந்து கிளம்பும் தண்ணீரைப் பெரிய மின்சார பம்புகள் பார்த்துக்கொண்டன. வானத்திலிருந்து விழுந்து பள்ளத்தின் அடியில் சம்ப் என்கிற குழியில் தேங்கும் தண்ணீருக்கு எங்கள் டீசல் பம்புகள். ஏழு எஞ்சின் இருந்தது. அதில் ஆறாம் நம்பர்தான் பலசாலி. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றின் தலையிலும் தனித்தனி ஹெட், ஹெட்டுக்கு நாலு நட்டு. அது நல்லபடியாக இழுத்தால் மற்ற இரண்டு பம்புகளை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

அந்தப் புரட்டாசியில் எங்கள் செக்‌ஷனுக்கு ஒரே ஒரு பர்மனென்ட் ஃபிட்டர் இடம் வந்திருந்தது. இன்ஜினியர் குஞ்சிதபாதம் ஒரு பெயரை எழுதி மேலே அனுப்ப வேண்டும். போட்டி இரண்டே பேருக்குள். ஒன்று நான், இன்னொன்று துரைராஜ்.

துரைராஜுக்குக் காடாம்புலியூர். முந்திரித் தோப்பும் பலா மரங்களும் உள்ள குடும்பம். எட்டாவது பாஸ், எஞ்சினோடு வரும் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டுவான். நான் கம்மாபுரம் பக்கம். எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நிலம் போனபோது நிலத்துக்காரர்களுக்கு வேலை கொடு என்று கேட்க ஒரு பட்டா இருந்தது. எங்களுக்குப் போனது குடிசை போட்டிருந்த புறம்போக்கு, அதைக் காட்டி யாரிடம் என்ன கேட்பது? என் கை ஒன்றுதான் என் பட்டா. வடலூரில் ஒரு பஸ் ஷெட்டில் வண்டி கழுவுகிறவனாகச் சேர்ந்து, ஆறு வருஷத்தில் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவனாக வெளியே வந்தவன் நான்.

பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். நாங்கள் தகரக் கொட்டகையில் இருந்தோம், வெயிலில் உள்ளே உட்கார முடியாது, மழையில் பேச முடியாது. என் மனைவி செல்லக்கிளி குவார்ட்டர்ஸ் கட்டும் பக்கம் போய் ஒரு பிளாக்கைப் பார்த்து, எந்தச் சுவரில் சாமி படம் மாட்டுவது என்பது வரைக்கும் முடிவு செய்து வைத்திருந்தாள்.

ஆறாம் நம்பருக்கு அதற்கு முந்தின வாரம் கேஸ்கெட் போய்விட்டது. சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே அழுந்தி உட்காரும் தகடுதான் கேஸ்கெட். நாலுக்கும் புதிது போட்டது நான். புதுக் கேஸ்கெட் போட்ட எஞ்சின் சில நாள் ஓடிச் சூடேறி ஆறினால் தகடு இன்னும் கொஞ்சம் நசுங்கும், நட்டு தளரும். அப்போது மறுபடியும் ஒரு முறை முறுக்கிவிட வேண்டும். இதை ரீடைட் என்போம். ஆயுத பூஜையன்று காலையில் அதைச் செய்தேன். எஞ்சின் மூன்று மணி நேரம் ஓடிச் சூடாக இருந்தது. நட்டுகள் நான் நினைத்ததைவிட அதிகமாகவே உள்ளே போயின, கால் சுற்றுக்கும் மேலே. அவ்வளவு தளர்ந்திருந்தால் இதுவரை எவ்வளவு காற்று வீணாகப் போயிருக்கும், இனி இந்த எஞ்சின் எப்படி இழுக்கப் போகிறது பார் என்று எனக்கு ஒரே குஷி. பக்கத்தில் நின்ற துரைராஜிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவன் சிரித்தான். சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

லாக் புக்கில் "6ஆம் நம்பர் - ரீடைட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு எழுத்து வேலை என்றால் அவ்வளவுதான். இரண்டு வார்த்தையில் முடிந்தால் மூன்றாவது எதற்கு?

பதினோரு மணிக்கு பூஜை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தை ஷெட்டுக்குள் விடுவார்கள். சம்பில் தண்ணீர் குறைவாக இருந்ததால் ஆறாம் நம்பரை நிறுத்திக் கழுவித் துடைத்திருந்தோம். ஸ்பேனர்களையெல்லாம் பலகையில் வரிசையாக வைத்தாயிற்று. மறுநாள் காலை வரை யாரும் அவற்றைத் தொடக் கூடாது. செல்லக்கிளி இடுப்பில் குழந்தையோடும் கையில் சந்தனக் கிண்ணத்தோடும் வந்தாள். நான் மற்ற எஞ்சினுக்கெல்லாம் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்றேன். ஆறாம் நம்பர் என் புருஷன் கட்டின எஞ்சின் என்று சொல்லி, பதினாறு நட்டுக்கும் தனித்தனியாகச் சந்தனம் இழுத்தாள். நட்டின் தலையில் ஆரம்பித்து, பக்கவாட்டில் இறங்கி, ஹெட்டின் இரும்பு வரை ஒரே கோடு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குங்குமப் பொட்டு. எதற்கு இவ்வளவு நீளம் என்று கேட்டேன்.

"மேல மட்டும் வெச்சா யாரு கண்ணுக்குத் தெரியும்? கீழ வரைக்கும் இஸ்தாத்தான் பட்டையா தெரியும்" என்றாள்.

எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்ததால் சந்தனம் சீக்கிரமே காய்ந்து இரும்போடு ஒட்டிக்கொண்டது. பொரி கடலை கொடுத்தோம். துரைராஜ் குழந்தைக்கு ஒரு கை கூடப் போட்டான். நான் அதையும் அரசியலாகத்தான் பார்த்தேன்.

மறுநாள் என் ஷிப்ட் முழுக்க ஆறாம் நம்பருக்கு வேலை இல்லை. நான் வீட்டுக்குப் போன பிறகு கிழக்கே இருட்டிக்கொண்டு வந்து, சாயங்காலம் கொட்ட ஆரம்பித்தது. இரண்டாம் ஷிப்டுக்கு துரைராஜ். அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவன் பண்டிகைக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை, அதனால் துரைராஜே தொடர்ந்து நின்றிருக்கிறான்.

காலை ஆறு மணிக்கு நான் ஷெட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. சம்ப் தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு நின்றது. மண் வெட்டும் பெரிய ஷவல் நின்ற மேடைக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை. ஆறாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதை ஓட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கறுப்பாகப் புகைந்தது. காற்று இழுக்கும் பக்கம் விட்டு விட்டுத் தும்மியது. டெலிவரி பைப்பில் வாய் நிறைய வரவேண்டிய தண்ணீர் பாதிதான் வந்தது. நேற்று முன்தினம் நான் புகழ்ந்து தள்ளிய எஞ்சின் இது. எனக்கு அவமானமாக இருந்தது, அவமானம் வந்தால் எனக்கு உடனே கோபமும் வந்துவிடும்.

ஏழு மணிக்கு இன்ஜினியர் குஞ்சிதபாதம் வந்தார். அதிகம் பேசாத மனுஷன். பைப்பைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பிறகு லாக் புக்கை எடுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ரீடைட்டுக்கு முன்னால் நன்றாக இருந்த எஞ்சின் ரீடைட்டுக்குப் பிறகு இப்படி ஆனது எப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நான் எழுதிய வரியில் விரலை வைத்தார்.

"ரீடைட்னு மட்டும் எழுதியிருக்கு. முடிச்சாச்சுன்னு அர்த்தமா, இனிமே செய்யணும்னு அர்த்தமா?"

முடித்துவிட்டேன் என்றேன். அவர் துரைராஜைப் பார்த்தார். நீ இதைப் படித்துவிட்டு, செய்யச் சொல்லி எழுதியிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் முறுக்கினாயா என்று கேட்டார். அளவுக்கு மேல் முறுக்கினால் ஹெட் கோணிக்கொள்ளும், எஞ்சின் படுத்துவிடும் என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"படிச்சன் சார். ஆனா நான் தொடலீங்க. ஸ்டார்ட் பண்ணி ஓட்டினதோட சரி" என்றான் துரைராஜ். விடிய விடிய நின்றவன், கண் சிவந்திருந்தது.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

"நான் வெச்சது சரியான முறுக்கு சார். அதுல சந்தேகமே வேணாம். எனக்கப்புறம் இவன்தான் இருந்தான். கை வெச்சது இவன்தான்."

துரைராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். இன்ஜினியர் ஸ்டோரில் இருந்த ஒரே ஒரு முறுக்கு காட்டும் ஸ்பேனரை என் கையில் கொடுத்து, பதினாறு நட்டையும் பார்க்கச் சொன்னார். நான் வைத்த அளவுக்கு மேல் ஒன்று இருந்தாலும் துரைராஜின் பெயர் பர்மனென்ட்டுக்குப் போகாது, கான்ட்ராக்ட்டிலும் இருக்காது. பத்து மணிக்குள் எஞ்சின் இழுக்கவில்லை என்றால் ஷவலை மேட்டுக்கு நகர்த்த வேண்டும், அதற்கு முழு நாள் ஆகும். இவ்வளவும் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனார். துரைராஜை வெளியே உட்காரச் சொல்லியிருந்தார்.

நான் தனியாக எஞ்சினிடம் போனேன். எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. ஸ்பேனரை முதல் நட்டில் மாட்டக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

சந்தனக் கோடு. நட்டின் தலையிலிருந்து இறங்கி ஹெட்டின் இரும்பு வரைக்கும், செல்லக்கிளி இழுத்தது இழுத்தபடி நேராக இருந்தது. சூட்டில் கொஞ்சம் வெடித்திருந்தது, ஓரம் உதிர்ந்திருந்தது, ஆனால் கோடு கோடாகவே இருந்தது. நட்டு ஒரு நூல் திரும்பியிருந்தாலும் மேல் பாதி ஒரு பக்கமும் கீழ்ப் பாதி ஒரு பக்கமும் போயிருக்கும். இரண்டாவது நட்டைப் பார்த்தேன், மூன்றாவதைப் பார்த்தேன். பதினாறையும் பார்த்தேன். பதினாறும் நேர்.

துரைராஜ் தொடவில்லை. நான் முறுக்கிய பிறகு இந்த நட்டுகளை ஒருவரும் தொடவில்லை. அப்படியானால் எஞ்சினைக் கெடுத்தது யார்?

பக்கத்தில் எண்ணெய் துடைக்கிற நூல் வேஸ்ட் ஒரு கட்டு கிடந்தது. என் கை அதை எடுத்தது. ஒரே துடைப்பு. பூஜை போட்டு இரண்டு நாள் ஆயிற்று, சந்தனம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கப் போவதில்லை. பிறகு ஸ்பேனரை மாட்டி, இரண்டு நட்டில் கூடுதலாக இருக்கிறது சார் என்று சொன்னால் முடிந்தது. குவார்ட்டர்ஸ், சாமி படம், எல்லாம். இதையெல்லாம் நான் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் துடைத்துவிட்டால் தண்ணீர் இறங்குமா? எஞ்சின் அப்படியேதான் நிற்கும். அதைவிட இன்னொன்று என்னைச் சுட்டது. என் கை பட்டு ஒரு எஞ்சின் கெட்டிருக்கிறது, எப்படிக் கெட்டது என்று எனக்கே தெரியவில்லை. அது தெரியாமல் பர்மனென்ட் வாங்கி அதற்குத் தரும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் எப்படி நடப்பேன்? எனக்கு அந்த நிமிஷம் துரைராஜ் மேல் இருந்த இரக்கத்தைவிட என் மேல் இருந்த கோபம்தான் பெரிது. வேஸ்ட்டைக் கீழே போட்டேன்.

முதலில் யோசித்தேன். எஞ்சின் எப்போது சோர்ந்தது? வெளியே போய் துரைராஜிடம் கேட்க வேண்டிய கேள்வி அது, கேட்க முகம் இல்லை. அவன் லாக் புக்கில் எழுதியிருந்ததைப் படித்தேன். என்னைப் போல இல்லை, அவன் விவரமாக எழுதுகிறவன். ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்பட்டது, முதல் அரை மணி சுமாராக இழுத்தது, சூடேறச் சூடேற இழுப்பு குறைந்தது, தும்மல் வந்தது. ஹெட் கோணியிருந்தால் ஆரம்பத்திலேயே மோசமாக இருக்க வேண்டும், கேஸ்கெட் பக்கமாகக் காற்று ஊத வேண்டும். இது சூட்டில்தான் கெடுகிறது.

எஞ்சினின் பெரிய சக்கரமான பிளைவீலைக் கையால் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். நல்ல எஞ்சின் என்றால் சிலிண்டருக்குள் காற்று அழுந்தி, கையை எதிர்த்துத் தள்ளும். இது வழவழவென்று சுற்றியது. காற்று இழுக்கும் குழாயில் காதை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் திருப்பினேன். உள்ளே உஸ்ஸென்று சத்தம். அழுந்த வேண்டிய காற்று வால்வு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. வால்வு முழுசாக மூடவில்லை.

மேலே இருந்த ராக்கர் கவரைக் கழற்றினேன். ரீடைட் செய்தபோது நான் அதைத் திறக்கவே இல்லை, நட்டெல்லாம் அதற்கு வெளியே இருந்ததால் திறக்கத் தேவைப்படவில்லை. உள்ளே வால்வைத் தட்டும் ராக்கர் கைகள் வரிசையாக இருந்தன. ராக்கருக்கும் வால்வின் வாலுக்கும் நடுவே ஒரு போஸ்ட் கார்டு கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். டாப்பெட் கேப் என்பது அதுதான். ராக்கரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜின் ஆக மெல்லிய தகடுகூட உள்ளே நுழையவில்லை. எட்டில் ஆறு வால்வுக்கு அதே கதி.

அப்போது எனக்கு விளங்கியது. விளங்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நட்டை இறுக்கினேன், கேஸ்கெட் நசுங்கியது, ஹெட் கீழே இறங்கியது. ஹெட்டோடு சேர்ந்து வால்வும் ராக்கரும் இறங்கின. ஆனால் கீழேயிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பியின் நீளம் குறையுமா? அது அப்படியேதான் இருந்தது. இறங்கி வந்த ராக்கரை அது முட்டி, இருந்த இடைவெளியைத் தின்றுவிட்டது. எஞ்சின் சூடேறியதும் கம்பி நீண்டு, வால்வை மூட விடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டது. ரீடைட் செய்தால் உடனே டாப்பெட்டையும் சரிசெய்ய வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

வடலூர் பஸ் ஷெட்டில் நான் வேலை பார்த்த பழைய பெட்ரோல் எஞ்சின்களில் வால்வெல்லாம் கீழே, சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே ஹெட் என்பது வெறும் மூடி. எத்தனை முறை முறுக்கினாலும் வால்வுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆறு வருஷம் மூடியை முறுக்கிப் பழகிய கை, இங்கேயும் மூடியைத்தான் முறுக்குகிறோம் என்று நினைத்துவிட்டது.

எழுந்து நேராக ஆபீஸுக்குப் போனேன். போகிற வழியில் துரைராஜ் மரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். அவனையும் வரச் சொன்னேன். மூன்று பேரும் எஞ்சினுக்கு முன்னால் நின்றோம். இன்ஜினியர், எத்தனை நட்டு அதிகம் என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லீங்க சார். இந்தப் பட்டையைப் பாருங்க. ஆயுத பூஜையன்னிக்கு எம் பொண்டாட்டி போட்டது. ஒண்ணுகூட ஒடையலை. தொரராஜு கை வெக்கலை. கெடுத்தது நான்தான்."

குஞ்சிதபாதம் குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். பிறகு நான் ராக்கரைக் காட்டி நடந்ததை விளக்கினேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரீடைட் செய்தால் டாப்பெட் பார்க்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

"நேத்து வரைக்கும் தெரியாது சார். இப்பத் தெரியும். முக்கா மணி குடுங்க, தண்ணிய நான் எறக்கறன்" என்றேன்.

பிளைவீலைத் திருப்பிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். நான் கேட்பதற்கு முன்பே துரைராஜ் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பிளைவீல் பக்கம் போய்விட்டான். விடிய விடிய நின்றவன் என்பதைச் சொன்னேன் அல்லவா, அப்படியும் போனான். ஒவ்வொரு பிஸ்டனாக மேலே கொண்டுவந்தோம். நான் திருகாணியைத் தளர்த்தி, ஃபில்லர் கேஜை விட்டு, சரியான பிடிப்பு வந்ததும் லாக் நட்டைப் பூட்டினேன். எட்டு வால்வு. அவன் 'ம்' என்பான், நான் 'நிறுத்து' என்பேன். அதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. முக்கால் மணி கேட்டேன், நாற்பது நிமிஷத்தில் ராக்கர் கவரை மூடினேன்.

இரண்டு பேரும் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினோம். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அரை மணி ஓடவிட்டோம், ஒரு மணி ஓடவிட்டோம். சூடேறியும் சோரவில்லை. புகை மெலிந்து கண்ணுக்கே தெரியாமல் போனது. டெலிவரி பைப் வாய் நிறையக் கொட்டியது, கேஸ்கெட் மாற்றியதிலிருந்து ஒரு நாளும் இல்லாத இழுப்பு. நட்டு முறுக்கின முறுக்கு வீண் போகவில்லை, அதோடு சேர்ந்து செய்ய வேண்டியதைச் செய்ததும் எஞ்சின் தன் முழு பலத்தையும் காட்டிவிட்டது. மத்தியானத்துக்குள் சம்ப் தண்ணீர் ஆள் உயரம் இறங்கியது. ஷவல் நின்ற இடத்திலேயே நின்றது. எனக்கு மார்பு விரிந்தது. தப்பு செய்தவனுக்கு மார்பு விரியக் கூடாது என்று சட்டமா என்ன?

ஷிப்ட் முடியும் நேரத்தில் இன்ஜினியர் கூப்பிட்டனுப்பினார். லாக் புக்கில் நடந்ததை முழுசாக எழுதச் சொன்னார். அரைப் பக்கம் எழுதினேன், என் வாழ்நாளில் அதுவரை எழுதியதில் அதுதான் நீளம். அவர் படித்துவிட்டு மூடி வைத்தார்.

"இந்தத் தடவை துரைராஜ் பேரைத்தான் அனுப்பப் போறேன். முறுக்கினதுக்காக இல்லே, ராஜாங்கம். அது தெரியாம செஞ்சது, நீயே கண்டுபிடிச்சும் கொடுத்துட்டே. காலையிலே கண்ணாலே பாக்காம ஒரு ஆளைக் கை காட்டினியே, அதுக்காக."

சரிங்க சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

செல்லக்கிளியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் கொஞ்சம் பழியை அவள் பக்கமும் தள்ளலாம் என்று, நீ பட்டையை அவ்வளவு நீளமாக இழுக்காமல் இருந்திருந்தால் இந்த வேலை எனக்குத்தான் வந்திருக்கும் என்றேன். வேஸ்ட்டை எடுத்ததையும் சொன்னேன். அவள் குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"நான் சாமிக்குப் போட்டத நீ தொடைச்சிட்டு, அந்தக் கையோட வந்து எனக்கு வூடு காட்டுவியா? அந்த வூட்டுல நான் குடி வருவேன்னு நெனச்சியா, மாமா?"

அன்று எனக்குச் சோறு போட்டாள், ஆனால் குழம்பை நானே ஊற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழித்துத்தான் பழையபடி பேசினாள்.

ஐப்பசி கடைசியில் துரைராஜுக்கு ஆர்டர் வந்தது. அன்று சாயங்காலம் ஒரு பொட்டலம் வறுத்த முந்திரியோடு எங்கள் கொட்டகைக்கு வந்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மழையைப் பற்றியே பேசினான். நான் அன்றைக்குச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அதற்கு அவன் வேறொன்று சொன்னான்.

"அன்னிக்கு நான் வெளிய குந்திக்கினே இருக்கலை ராஜாங்கம். பட்டை ஞாபகம் வந்து, பாத்துட்டு சார்கிட்ட சொல்லலாம்னு உள்ள வந்தன். நீ கையில வேஸ்ட்ட வெச்சிக்கினு நின்னே. வாசப்படியிலயே நின்னுட்டன்."

எனக்கு முகம் எரிந்தது. ஏன் அப்போதே சத்தம் போடவில்லை என்று கேட்டேன்.

"சத்தம் போட்டிருந்தா நீ அதுக்கு பயந்துதான் வேஸ்ட்ட கீழ போட்டேன்னு ஆயிடும். நீயா போட்டே. அப்புறம் எஞ்சின்ல காத வெச்சே. சரி, இவன்கூட ஒரே ஷெட்டுல வேலை செய்யலாம்னு திரும்பிப் போயி குந்திக்கினன்" என்றான். செல்லக்கிளி உள்ளேயிருந்து அவனுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். எனக்கும் ஒன்று வைத்தாள்.

அந்த மழைக்காலம் முழுக்க ஆறாம் நம்பர் ஒரு நாளும் படுக்கவில்லை. தை மாதம் இன்னொரு இடம் வந்தது, குஞ்சிதபாதம் என் பெயரை அனுப்பினார். மெயின் வொர்க்‌ஷாப்பில் டிரேடு டெஸ்ட். மேஜைக்குப் பின்னால் எனக்குப் பழக்கமில்லாத பெரிய இன்ஜினியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். டெஸ்ட்டுக்கான எஞ்சினைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தவன் துரைராஜ், புதுக் காக்கிச் சட்டையில் கதவோரம் நின்றான். பெரிய இன்ஜினியர் நாலைந்து கேள்வி கேட்டார், எல்லாவற்றுக்கும் சொன்னேன். கடைசியாக, ஹெட்டை ரீடைட் செய்தாயிற்று, அடுத்து என்ன செய்வாய் என்றார். அவர் வாயை மூடுவதற்குள் டாப்பெட் என்றேன். ஏன் என்றார். ஹெட் இறங்கும், கம்பி இறங்காது என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதைப் புத்தகத்தில் படித்தவர்களே தடுமாறுகிறார்கள், நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

"பட்டையைத் தொடைக்காம வுட்டன் சார். அதுல கத்துக்கினன்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கதவோரம் நின்ற துரைராஜ் மட்டும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.